ஆறாம் லயம் காளியம்மாவுக்குத் தகவல்

மாலை ஏழேகால் இருக்கும். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து லகாட் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் சாலை. ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது...

நம் நண்பன் தனேஸ்வரனின் அக்காள் புஷ்பலதாவுக்கு நடந்தது இது. ஈப்போவில் மருந்துக்கடையில் வேலை. கதை கட்டுகிற ஆள் இல்லை. இதையும் ஒரே ஒரு தடவைதான் தம்பியிடம் சொன்னாள்.

அவர்கள் அப்பாவின் தாத்தா பெயர் நல்லான். யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனவர். வீட்டில் அவ்வளவுதான் தெரியும். யுத்த காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளை ஒரு நூலகம் இணையத்தில் ஏற்றியிருந்தது. புஷ்பலதா மூன்று மாதம் பக்கம் பக்கமாகத் தேடினாள். 1944-இல், ஒரு மூலையில், மங்கிய நாலு வரி. ‘சயாம் போன என் புருஷன் நல்லானைப் பற்றித் தெரிந்தவர்கள், லகாட் தோட்டம், ஆறாம் லயம் காளியம்மாவுக்குத் தகவல் கொடுக்கவும்.’

பதிலும் அகப்பட்டது. 1946-இல் வந்த ஒரு பட்டியலில், 1943-இல் முகாமில் இறந்தவர்களோடு நல்லானின் பெயர். அதைக் கேட்கக் காளியம்மா இல்லை. முந்தின வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இருந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று புஷ்பலதாவுக்கு ஒரே பிடிவாதம். வேலை முடிந்ததும் கிளம்பினாள்.

“இருட்டப் போவுது, நாளைக்குப் போலாம்லா,” என்றான் தம்பி.

“அஞ்சு நிமிஷம்டா. ஒரு படம் புடிச்சிட்டு வாரேன்.”

லயம் இல்லை. மூன்று சிமெண்டுப் படிகள் மட்டும். ஏறினால் வீடில்லை... செம்பனைதான். படியருகே நின்று, கைப்பேசியில் அந்த நாலு வரியை வாய்விட்டுப் படித்தாள். மனசு கேட்கவில்லை, படித்தாள்.

குப்பென்று புளித்த ரப்பர்ப் பால் நாற்றம். அங்கே ரப்பர் மரங்களை வெட்டியே நாற்பது வருஷம் ஆகிறது.

“இன்னொரு தடவ படிம்மா. எனக்கு எழுத்து தெரியாது.”

முதுகுக்குப் பின்னால்... முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். செம்பனைக் குலை வெட்ட வந்தவள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு உடுப்பைப் பார்த்தாள். கோணிச் சாக்கு. துணி கிடைக்காத யுத்த காலத்தில் கட்டியது போல, அரிசிச் சாக்கில் தைத்த பாவாடை.

திரும்பவும் படித்தாள். அந்தப் பெண்ணின் உதடுகள் கூடவே அசைந்தன.

“தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி அய்யாதான் எழுதிக் குடுத்தாரு. சரியாத்தான் போட்டுருக்காங்க... பதில் வந்துச்சா?”

அது யாரென்று புஷ்பலதாவுக்குப் புரிந்தது. எண்பது வருஷமாகக் காத்திருப்பவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

“வந்துச்சு. அவரு... சயாம்லயே எறந்துட்டாரு. நாப்பத்து மூணுலயே.”

அவள் அழவில்லை. சில்வண்டுச் சத்தம்கூட நின்றுபோயிற்று. மெல்ல நெருங்கி வந்து, ரகசியம் போலக் கேட்டாள்.

“அப்ப, தெனம் ராத்திரி அவரு கொரல்ல கூப்பிட்டு கதவத் தட்டுனது யாரும்மா? நேத்து... தெறந்து உள்ள விட்டுட்டேனே.”

படிகளுக்கு மேலே, வீடில்லாத அந்த இருட்டில், ஓர் ஆண் தொண்டையைச் செருமினான்.