டிராயர் வயித்துல ஒரு உப்பல்

இல்ல மச்சான், நீங்களே சொல்லுங்க, இதுக்குப் பேரு வெனீரா? வெங்காயத் தோலு மச்சான், வெங்காயத் தோலு! மரத்த மெல்லிசா சீவிக் குடுய்யான்னா, ஊதுனா பறக்கற மாதிரி சீவி வெச்சிருக்கான் அந்தக் கடக்காரன். தட்டப் பலகைல எவன் வேணா ஒட்டுவான். நான் ஒட்டுனது எதுல? வளைவுல! டிரெஸ்ஸிங் டேபிளுக்கு முன்னால மூணு டிராயரு, மூணும் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கும்... என்ன மாதிரியே. சிரிங்க, பரவால்ல. சிரிக்கலியா? சரி.

ரெண்டு வருஷமா என்கூட பேசல நீங்க. இப்பவும் பேச வேணாம். நீங்க பாட்டுக்கு அந்தக் கதவ இழைங்க, நான் பாட்டுக்குப் பொலம்பறேன். இந்த டேபிள மட்டும் வண்டிலேருந்து எறக்கி இப்பிடி ஓரமா வெச்சிடறேன்... அப்பாடி, இடுப்பு! இன்னும் மூணு நாள்ல ஒங்க பொண்ணுக்குக் கல்யாணம். அவளுக்குன்னு மூணு மாசமா ஒக்காந்து செஞ்சது. மாமா கையால இது ஒண்ணக் குடுத்தாவது திரும்ப ஒங்க வாசப்படி மிதிச்சிடலாம்னு ஒரு நப்பாச. அதுல போய் இந்த உப்பல். தொட்டுப் பாருங்க, கீழ் டிராயரு, எடது ஓரம், வளைவு நல்லா திரும்புதுல்ல, அங்கதான். அமுக்குனா கெடக்கும். கைய எடுத்தா எந்திரிச்சு ஒக்காரும்.

மொதல்ல பசையத் திட்டுனேன். டப்பாவ மூஞ்சிக்கு நேரா புடிச்சு வெச்சுத் திட்டுனேன். அப்பறம் மழைய. அப்பறம் ஒங்க தங்கச்சிய... மொறைக்காதீங்க, அவ ஒண்ணுக்கு ரெண்டா திருப்பிக் குடுத்துட்டா. பசை காயறப்ப நீ ஃபேனப் போட்ட, அதான் இப்பிடின்னு நான் சொல்ல, "வேர்த்து ஊத்துதுன்னு போட்டதே நீங்கதான"ன்னு அவ கேக்கறா. நாந்தான் போட்டேன். அத விடுங்க.

அப்பறம் வைத்தியம். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால தேச்சேன், கேக்கல. டிராயரக் கழட்டி மல்லாத்திப் போட்டு மணல் மூட்டய ஏத்துனேன், கேக்கல. மூட்ட மேல நானே ஏறி ஒக்காந்தேன் மச்சான்! எதிர் வீட்டு வாத்தியாரு எட்டிப் பாத்து, "என்னங்க, அடை காக்கறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. ஆமா, நாளைக்குப் பொரிஞ்சிடும்னு சொன்னேன்.

எறங்கி வந்து அந்த உப்பல உத்துப் பாக்கறேன்... நாலு மூல தெரியுது. காத்துக்கு எங்கயாவது நாலு மூல இருக்குமா? சின்னக் கொழந்தைக்கும் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரியல! ஊசில பசைய ஏத்தி நடுவுல குத்துனேன் பாருங்க, வெளிய இழுத்தா மொனைல வெள்ளையா காகித நாரு.

ஆ... இழைப்பு நின்னுபோச்சு. ஒங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. அதேதான் மச்சான், காகிதத்த உருவல. பலகை, வெனீரு ரெண்டுலயும் பசை பூசிக் காயவெச்சு, தொட்ட எடத்துல டக்குன்னு புடிச்சுக்காம இருக்க நடுவுல காகிதத்த வெச்சு, கொஞ்சங்கொஞ்சமா உருவிக்கிட்டே அமுக்கிட்டு வரணும். எனக்குத் தெரியாதா? "வெச்ச காகிதத்த எண்ணுனியா"ன்னு ரெண்டு வருஷம் முன்னாடி, ஒங்ககூட வேல பாத்தப்ப, நீங்க கஸ்டமரு முன்னால கேட்டதுக்குத்தான, எனக்கே பாடம் எடுக்கறீங்களான்னு உளியத் தூக்கி எறிஞ்சிட்டுப் போனேன்? இப்ப எண்ணிட்டேன். உள்ள போனது நாலு. வெளிய வந்தது மூணு.

வெளிய வந்த மூணும் செய்தித்தாளு. அந்த ஓரத்துல மட்டும் செய்தித்தாளு கிழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, கொஞ்சம் தடிமனா ஏதாச்சும் கெடைக்குமான்னு பாத்தேன். கல்யாணப் பத்திரிக கெடந்துச்சு. கவரு மேல ஒங்க தங்கச்சி பேரு. எம்பேரு இல்ல. சுள்ளுன்னு ஏறிச்சு எனக்கு. பிரிக்கக்கூட இல்ல, கவரோட அப்பிடியே சொருகுனேன். உருவ வேண்டிய நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்? ஒங்களத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

முந்தாநேத்து அவ கேக்கறா, "எங்கண்ணன் ஒங்களுக்குன்னு உள்ள தனியா ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்காராமே, பாத்தீங்களா?"ன்னு. எங்கேந்து பாக்கறது, அது மரத்துக்குள்ள இருக்கு! ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. வராதேன்னு எழுதியிருந்தா இப்பவே வாயால சொல்லிடுங்க. நான் டேபிள வெச்சிட்டு அப்பிடியே போயிடறேன்.

எங்க போறீங்க? மச்சான்! ...போயிட்டாரு. போகாம என்ன செய்வாரு, நான் பேசறத நானே இவ்வளவு நேரம் கேக்க மாட்டேன்...

ஓ. இஸ்திரிப் பெட்டி எடுக்கவா போனீங்க. நான் ஈரத்துணி மேல தேச்சேன், நீங்க ஓரத்துலேருந்து... ஆமா, பசை எளகுது. இருங்க, நான் கத்தியால லேசா... வேணாமா? சரி, தொடல. கையப் பின்னால கட்டிக்கிட்டேன், பாருங்க. வருது... மெதுவா... வந்துடுச்சு! கவரு நார் நாரா போச்சு, உள்ள சீட்டு நல்லாருக்கு. நீங்களே படிச்சுச் சொல்லிடுங்களேன். மாட்டீங்க. சரி, குடுங்க.

"மாப்ள, மூணு நாள் முன்னாடியே வந்துடு. வாசலுக்கு மரத்துல பெரிய வளைவு வெக்கணும். ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

...மச்சான். இந்த டிராயரப் பாத்த பெறகும் இந்தச் சீட்டு செல்லுமா?