பாரைப் பார்த்து வந்தேன்

இந்தப் படக்கண்காட்சிக்குத் தலைமை ஏற்க, அஞ்சுகிராமத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியர் பெருந்தகை நாராயணபெருமாள் அவர்களே! நம் பங்குத்தந்தை அவர்களே! கடலோடு மல்லுக்கட்டி, உப்பேறிய தோளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு, முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே நின்றபடி, 'இவரு எப்பம் முடிப்பாரு' என்று கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சகாயத்தின் சிரம் தாழ்ந்த வணக்கம்!

ஒரு வருடம்! இரண்டாயிரத்துப் பதின்மூன்று மாசியில் கேமராவும் கையுமாகப் புறப்பட்டவன், இந்த மாசியில் உங்கள் முன்னால் நிற்கிறேன். இரண்டு வேலையாக இந்த மேடை ஏறினேன். ஒன்று, கடலுக்கு அடியில் நான் எடுத்த படங்களை உங்களுக்குக் காட்டுவது. இன்னொன்று, ஒரு மனிதரிடம் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பது. யார் அவர்? என் உடன்பிறந்த அண்ணன் சேசடிமை. எட்டு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாத அண்ணன்! பந்தலில் தேடினேன், காணவில்லை. வராவிட்டாலும் கவலையில்லை; மைக் செட்டுத் தம்பியிடம் சொல்லி ஒரு குழாயை அவர் வீட்டைப் பார்த்தே கட்டச் சொல்லியிருக்கிறேன். தப்ப முடியாது!

என்னை உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் வளைகுடாவில் டைவர். கப்பலுக்கு அடியில் புகுந்தேன், குழாயைப் பற்றவைத்தேன். கடலுக்குள் கிடந்தேனே தவிர, கடலைக் கண்டேனா? கண்டது நட்டு! கண்டது போல்ட்டு! கண்டது கலங்கல் தண்ணீர்! மூக்கை உரசிக்கொண்டு போன மீனை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை ஐயா! ஓய்வு பெற்று ஊர் வந்ததும், தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமராவை வைத்துக்கொண்டு, மறுபடியும் கடலுக்குள் போகிறேன் என்றேன். இதோ முன்னால் இருந்து சிரிக்கிறாளே, என் மனைவி எலிசா, என்ன சொன்னாள் தெரியுமா? "இத்தன வருசம் தண்ணிக்குள்ள கெடந்தது போதாதா? மனுசனுக்குச் செவுளு மொளச்சிரும்!" முளைத்தால் முளைக்கட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

மண்டபம் போனேன். கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்றது கடல்குதிரை. என் சுண்டுவிரல் உயரம்தான், நிற்கிற தோரணையோ தாசில்தார் தோரணை! லட்சத்தீவு போனேன். கிழட்டு ஆமை ஒன்று என்னை ஏற இறங்கப் பார்த்தது. இவன் எதற்கும் உதவமாட்டான் என்று முடிவுகட்டி, புல் மேயப் போய்விட்டது. நான் விட்டேனா? அரை மணி நேரம் பின்னாலேயே போனேன். கல்யாண வீட்டு போட்டோகிராபர் கெட்டான்!

அந்தமான் போனேன். அங்கே ஒரு கணவாய். கணவாயை நாம் அறிவோம். எப்படி அறிவோம்? வெங்காயம் போட்டு வதக்கி அறிவோம்! அன்றைக்கு உயிரோடு என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நான் பார்க்கும்போது பழுப்பு. மூச்சு விட்டேன், சிவப்பு! மறு மூச்சு, உடம்பெல்லாம் வெள்ளை வரி ஓடுகிறது! பயமா? கோபமா? என்னைப் பெண் பார்க்க வந்தவன் என்று நினைத்ததா? படம் எடுக்கவே மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

என்ன பெனின், பந்தலுக்கு வெளிய நின்னுக்கிட்டு, பொரிச்சீரான்னு கேக்கியா? இல்ல மக்கா! அன்னைக்கும் இல்ல, அதுக்குப் பெறவு கணவாய் என் எலையில விழவே இல்ல.

ஊரெல்லாம் சுற்றியவன் உள்ளூர்க் கடலில் இறங்காமல் இருக்கலாமா? நம் துறைக்கு நேரே, பத்து ஆள் ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு. பார் என்போம் அதை. தமிழில் உலகத்துக்கும் பார் என்றுதான் பெயர். நம் வள்ளங்களுக்கு அதுவே உலகம்! அதை எப்படிக் கண்டுபிடித்தோம்? வடக்கே மலை உச்சி, அதற்கு முன்னால் நம் கோயில் கோபுரம். இரண்டும் நேர்க்கு நேர் வந்து, பத்து ஆள் ஆழமும் வந்தால், தூண்டிலை இறக்கு! அந்தக் கணக்கில் என் அண்ணனை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் கிடையாது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை பேரலை வந்தது. அதைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? கோயில் விழுந்தது. ஒன்றரை வருடத்தில் புதுக்கோயில் எழுந்தது. அதன் பின் அண்ணன் மூன்று முறை ஆட்களைக் கூட்டிப் போனார். மலையும் கோபுரமும் நேராக வந்தன. மூன்று முறையும் வெறும் மணல்! பாரை மண் மூடிவிட்டது என்றார்கள். "பாரு அங்கனதான் கெடக்கு" என்றார் அண்ணன். கண் போய்விட்டது என்று சிரித்தார்கள். எனக்குப் போன் போட்டார்: "நீ கடலுக்குள்ள வேல பாக்கவன். நீ சொன்னா ஊரு கேக்கும்."

நான் என்ன சொன்னேன்? அரபிக்கடலுக்கு அந்தப் பக்கம், ஏசி அறையில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, ஒமக்கு வயசாச்சு. பாரு போச்சு, விடும்" என்றேன். ஊர் என் பேச்சைக் கேட்டது. அண்ணன் துடுப்பைத் தூக்கி மூலையில் வைத்தார். அதற்குப் பிறகு கடலுக்குப் போகவே இல்லை.

போன மாதம் அங்கே இறங்கினேன். செத்த பாரை ஒரு படம் எடுத்து வைப்போம் என்றுதான் போனேன், சத்தியமாக! கோபுரமும் மலையும் நேர் பார்த்துக் குதித்தேன். மணல்தான். மேலே வந்து, வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தேன். கோயிலுக்கு மேற்கே, பங்குத்தந்தை குடியிருக்கும் பழைய ஓட்டுவீடு. என் சின்ன வயதில் அது எங்கே நின்றது? கோயிலுக்குக் கிழக்கே! வீட்டுக்குக் கால் முளைத்து நடந்ததா?

ஐயா, அலை எட்டாத மேட்டில் வேண்டும் என்று புதுக்கோயிலை முந்நூறு அடி கிழக்கே தள்ளிக் கட்டினோமே! கட்டியது யார்? நாம்! கல் சுமந்தது யார்? நாம்! அண்ணனும்தான் சுமந்தார். கோபுரம் நகர்ந்தால் கடலில் பார் பார்க்கிற கணக்கும் நகரும் என்று ஒருவராவது நினைத்தோமா? கடல் எதையும் விழுங்கும் என்று நம்பியிருந்த நேரம் அது. நகர்ந்தது நம் கோபுரம், பழி கடலுக்கு! நகர்ந்தது நம் கோபுரம், குருட்டுப் பட்டம் என் அண்ணனுக்கு!

விழுந்த பழைய கோயிலின் பீடம் இருந்த இடத்தில் நட்டிருக்கும் சிலுவையை மலைக்கு நேராகப் பிடித்து, வள்ளத்தை மேற்கே விட்டுக் குதித்தேன். இறங்கினேன்... இறங்கினேன்... பார்! பாறை முழுக்க மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பவளம்! பொந்துக்குப் பொந்து சிங்கி இறால் மீசை! என் வெளிச்சம் பட்டுச் சிதறி ஓடிய கிளிமீன் கூட்டம்! தண்ணீருக்குள் கத்திவிட்டேன், வாயிலிருந்த குழாய் கழன்று, உப்புத்தண்ணீர் குடித்தேன். பார் இல்லை என்றேனே, பாராமலே சொன்னேனே!

என்ன? மைக் செட்டு வண்டிக்குப் பின்னால் நிற்கிறாரா? எங்கே? ஆமாம், அண்ணன்தான்!

எழுதிக் கொண்டுவந்த தாளை மடிக்கிறேன், அவை பொறுக்க வேண்டும்.

அண்ணே, பாரு நீரு சொன்னது மாதிரி அங்கனதான் கெடக்கு. நான் பாக்காமலே வாய விட்டேன். ஒம்ம எட்டு வருசத்த நான் கெடுத்துட்டேன். கோபுரம் நவுந்தது ஊரு தப்பு. ஒம்ம நம்பாதது என் தப்பு. மன்னிச்சிரும் அண்ணே.

சத்தம் போடாதீங்க, அவரு என்னமோ சொல்லுதாரு, கேக்கட்டும்... என்ன அண்ணே?

"அதுல கலவா உண்டாலே?"

ஐயா, கேட்டீர்களா! எட்டு வருடத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசிவிட்டார்! மன்னித்தேன் என்றா சொன்னார்? மீன் இருக்கா என்று கேட்கிறார்!

உண்டு அண்ணே! கல்லுக்குக் கல்லு கலவா! கை நீளம், ஆள் பாதி!

இப்போது என்ன சொல்கிறார் தெரியுமா? "அப்பம் காலத்த வள்ளத்த எறக்கு" என்கிறார்!

தலைவர் அவர்களே, இன்னும் பத்து நிமிடம் எனக்குப் பாக்கி இருக்கிறது. வேண்டாம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் எனக்கு வேலை இருக்கிறது. கேட்டிருந்த காதுகளுக்கெல்லாம் நன்றி. அண்ணன் படம் பார்க்க உள்ளே வருகிறார். தாய்மார்களே, பெரியவர்களே, கொஞ்சம் வழி விடுங்கள். வணக்கம்!