மீதி நாற்பது அடி

நீங்கள் கதவை இடித்த இடியில் என் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்துவிட்டது. நல்ல கத்தரிக்கோல், இன்ஸ்பெக்டர் ஐயா. பதினோரு வருடங்களில் நூற்று அறுபத்து மூன்று படங்களை அதை வைத்துத்தான் வெட்டி ஒட்டினேன். முனை உடைந்திருக்கும். யாராவது எடுத்து மேசைமேல் வைத்தால் நல்லது.

பகல் காட்சிக்குப் போன என் மனைவி உங்களோடு திரும்பி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் எங்கள் தையல்காரம்மா நின்றாள். கையில் மடித்த கறுப்புத்துணி. அந்தத் துணியைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பி நான் எதையும் செய்ததில்லை.

நூற்று அறுபத்து மூன்று கொஞ்சம் அதிகம்தான். நான் தும்மினால் ஒரு படம் வெளிவரும் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். எல்லாம் பேசாத படங்கள். மூன்றரை வாரத்துக்கு ஒன்று. அவ்வளவு வேகமாக எடுக்க இரண்டு விதிகள் போதும். ஒரு காட்சியை இரண்டாம் முறை எடுக்கக் கூடாது. நான் ‘போதும்’ என்று சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது. ஒருமுறை நாயகன் மாடிப்படியில் உருண்டபோது விளக்குப் பிடிப்பவன் பதறிப்போய் ஓடிவந்து தூக்கினான். நாயகனுக்குக் கீறல்கூட இல்லை. காட்சி கெட்டது. அன்று மாலையே அவனை வேலையை விட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு யாரும் அசைந்ததில்லை.

எடுத்ததை எறியவும் மாட்டேன். ஒரே புயல் என் ஏழு படங்களில் அடித்திருக்கிறது. ஒரே ரயில் நான்கு தடவை கவிழ்ந்திருக்கிறது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

என் மகளை எல்லோரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வயதில் கேமராவுக்கு முன்னால் வந்தாள். பத்தொன்பது வயதுக்குள் அறுபத்தொரு படம். அவளுக்கு மணிக்கணக்கு தெரியாது, அடிக்கணக்குதான். எங்கள் கேமராவில் ஒரு நொடிக்கு ஒரு அடி ஃபிலிம் ஓடும்.

“அப்பா, எத்தனை அடி முங்கணும்?”

“பன்னண்டு.”

“நான் பதினஞ்சு முங்கிக் காட்டுறேன், பாருங்க.”

சாப்பாட்டு மேசையில் இதைக் கேட்டு என் மனைவி பதறுவாள். “பதினஞ்சு அடி ஆழமா? அப்பனுக்கும் பொண்ணுக்கும் பைத்தியமா?” பட்டாணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். அந்தச் சிரிப்பை நான் படம் பிடித்து வைக்கவில்லை. அது ஒரு குறை.

அந்த ஏரிக் காட்சி நான்கு வருடங்களுக்கு முன் எடுத்தது. மணக்கோலத்தில் இருக்கும் பெண் படகிலிருந்து விழுகிறாள்; இரண்டு முறை மூழ்கி எழுந்து, கரையில் நிற்கும் தகப்பனைக் கூப்பிடுகிறாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கேமராவில் இருந்தது கடைசிச் சுருள். ஏரி கண்ணாடிபோல் கிடந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. அப்படிப்பட்ட வெளிச்சம் வருடத்தில் ஒருநாள்தான் வரும். நாணலுக்குப் பின்னால் ஒரு படகில் நீச்சல்காரர்கள் இருவர் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள். கேமராவின் கைப்பிடியைச் சுற்றியவன் ஒத்தக்கண்ணன். இரண்டு கண்ணும் உள்ளவன்தான். எப்போதும் ஒன்றை மூடியே வைத்திருந்ததால் அந்தப் பெயர்.

அவள் அணிந்திருந்த உடையில் கழுத்திலிருந்து கால்வரை மணி கோத்திருந்தது. தையல்காரம்மா ஒன்பது நாள் உட்கார்ந்து தைத்தது. தண்ணீரில் அது கனத்துவிட்டது.

அன்றைய விசாரணையில் நான் சொன்னதைத்தான் எழுதி வைத்திருப்பீர்கள். காட்சி முடிந்தது, கேமரா நின்றது, அதன் பிறகுதான் அவளைக் காணோம் என்று தெரிந்தது, காற்று இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, ஐயா. எனக்கு நடிக்க வராது.

தான் தைத்த உடைதான் பிள்ளையைக் கொன்றது என்று தையல்காரம்மா நம்பினாள். என் மனைவியின் காலில் விழுந்து கதறினாள். என் மனைவி அவளைத் தூக்கி, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் அக்கா தங்கைபோல ஆகிவிட்டார்கள். ‘உன்மேல் தப்பில்லை’ என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தக் காட்சியை மூன்று படங்களில் வைத்தேன். ஒன்றில் அவள் மணப்பெண், ஒன்றில் இளவரசி, ஒன்றில் பேய். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் போவாள். முதல் வரிசையில் உட்கார்ந்து மகளைப் பார்த்துவிட்டு வருவாள். “இன்னிக்கு நல்லா தெரிஞ்சா,” என்பாள். அவளுக்காகத்தான் நான் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப வைத்தேன். நீங்கள் நம்ப வேண்டும்.

தையல்காரம்மாவுக்குச் சிறுவயதிலேயே காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைத் தெரிந்துகொள்வாள். எங்கள் படங்களுக்கு அவளைக் கூட்டிப்போனால் தொல்லை. திரையில் ‘உயிரே, உன்னைப் பிரியேன்’ என்று எழுத்து வரும். மொத்தக் கொட்டகையும் கண்ணைத் துடைக்கும். இவள் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என்ன என்று கேட்டால், கறுப்புத்துணியை மடியில் விரித்துத் தையல் சாக்கட்டியால் எழுதிக் காட்டுவாள். ‘செருப்பு கடிக்குது, சீக்கிரம் முடிங்கய்யா’ என்று நாயகன் சொல்லியிருப்பான். நானும் சிரித்திருக்கிறேன். அதை நான் மறந்திருக்கக் கூடாது.

போன வாரம் நூற்று அறுபத்து மூன்றாவது படத்தை ஒட்டி முடித்தபோது கடைசிச் சுருள் நாற்பது அடி குறைந்தது. மறுநாள் வெளியீடு. புதிதாக எடுக்க நேரமில்லை. அலமாரியில் ஒரு சிறு தகர டப்பா இருந்தது. ஏரிக் காட்சியின் மீதி. மற்ற மூன்று படங்களிலும் அதற்கு முன்னாலேயே வெட்டியிருந்தேன். சரியாக அந்த இடத்தில் ஏன் வெட்டினீர்கள் என்று சற்று முன் கேட்டீர்கள். காட்சி அங்கே நிறைவாக இருந்தது, அதனால்தான் என்று சொன்னேன்.

டப்பாவை யாரும் பார்த்ததில்லை. நான் மட்டும் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. நான் எடுத்த நூற்று அறுபத்து மூன்றிலும் அதற்கு ஈடான நாற்பது அடி கிடையாது. அதையே எடுத்து ஒட்டினேன். பேசாத படம்தானே, அவள் என்ன சொல்கிறாள் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இன்று பகல் காட்சிக்கு என் மனைவி தையல்காரம்மாவையும் அழைத்துப் போயிருக்கிறாள். திரையில் ‘அப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுத்து வந்தது. அதை நான்தான் எழுதினேன். அதற்குப் பிறகு பட்டாணியின் முகம் வந்தது. தையல்காரம்மா எழுந்து நின்றுவிட்டாளாம். பின்னால் இருந்தவர்கள் “உக்காரும்மா, மறைக்குது!” என்று கத்தினார்களாம். அவளுக்கு எங்கே கேட்கும்?

என் மேசைமேல், ஃபிலிம் துண்டுகளுக்கு நடுவே, என் மனைவி அந்தத் துணியை விரித்தாள். சாக்கட்டியில் மூன்று வரி. மூன்றும் ஒன்றே.

‘போதும்பா.’

என் மனைவி கத்தவில்லை. சாப்பாடு போடட்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். “என்னங்க, இது உங்க காதுல விழுந்துச்சா?”

 அதற்குள் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்துவிட்டீர்கள்.

ஒத்தக்கண்ணன் போன வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டான். கடைசிவரை அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. கேமராவைப் பார்த்துத்தான் பேசுவான். அவனைத் தவிர என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. காதில் விழவில்லை என்று நான் சொன்னால் மறுக்க இனி ஆளில்லை. என் மனைவியும் நம்பிவிடுவாள். நம்பவேண்டும் என்று அவளுக்கும் ஆசை இருக்கிறது. அவள் கேட்ட விதத்திலேயே அது தெரிந்தது. என்னோடு அதே வீட்டில், அதே மேசையில் அவள் மறுபடி உட்காரலாம்.

ஆனால் அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு இந்தக் கதவையே பார்க்கிறாள். பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள். நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

அன்று காற்று இல்லை, ஐயா. பட்டாணி முதல்முறை சொன்னபோதே ஒத்தக்கண்ணன் மூடிய கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அண்ணே, பாப்பா போதும்னு சொல்லுதுண்ணே. நிறுத்திரவா?”

“இன்னும் நாப்பது அடி இருக்குடா, சுத்து.”