என்ஜினுக்குப் போர்த்திய அங்கி

எல்லோரும் என்ஜின் வேலை முடிந்த பிறகு கை கழுவுவார்கள். நான் தொடங்குவதற்கு முன்னால் கழுவுவேன். கார்புரேட்டருக்குள் இருக்கும் துளைகள் தலைமுடி அளவுதான். துளி அழுக்குப் பட்டாலும் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் பொறுங்கள் தம்பி. என் மகள் பெனிக்னா அடுப்பில் வெந்நீர் வைத்திருக்கிறாள்.

கரடிமுனையில் கிடந்த இந்தப் பனிவண்டியை நீங்கள் போலீஸ் படகில் ஏற்றிக் கொண்டுவந்தது நல்ல காரியம். கோடை மழையில் துருப்பிடித்துப் போயிருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் வாங்கியது. அதுவரைக்கும் பேத்தேல் ஊரில் நாய்கள்தான் வண்டி இழுத்தன. பெனிக்னா பிறக்கும்போது மருத்துவச்சியை இதில்தான் கூட்டிவந்தேன். என் மனைவி ரொசினாவின் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனதும் இதுதான்.

"பழைய என்ஜின், வயசாயிடுச்சு, நின்னுபோச்சு. அறிக்கையில அப்படி எழுதிக்கட்டுமா?" என்று கேட்டீர்கள். எதற்கும் ஒரு முறை திறந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னீர்கள். இந்த லாப்ரடார் கரையில் இந்த என்ஜினைத் திறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சரி, திறப்போம்.

நின்றுபோன என்ஜினிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா. பிளக்கை அதன் இடத்தில் மாட்டிவிட்டேன், இந்தக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். கையை எதுவுமே பிடித்து இழுக்கவில்லை, அல்லவா? அமுக்கம் இல்லை என்று அர்த்தம். இப்போது பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நன்றாக ஓடிய என்ஜினின் பிளக் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். இது சாம்பல் மாதிரி வெளுத்திருக்கிறது. மேலே வெள்ளியாக மினுக்குகிறதே, அது பிஸ்டன் உருகித் தெறித்த உலோகம். சிலிண்டர் மூடியைக் கழற்றுகிறேன். ஆம். பிஸ்டன் தலையில் ஓட்டை. என் சுண்டுவிரல் நுழைகிறது.

வயதானால் என்ஜின் இப்படிச் சாகாது. தேயும், புகையும், எண்ணெய் குடிக்கும். உருகாது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால்தான் உருகும். இந்த வகை என்ஜினில் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றுகிறோம். ஆகவே பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. சூடு ஏறிக்கொண்டே போகும்.

கார்புரேட்டரின் பக்கத்தில் இரண்டு திருகுகள் தெரிகின்றன. ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, மற்றது முழு வேகத்துக்கு. கடுங்குளிரில் வேகத்திருகை இன்னும் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். இது ஏறக்குறைய மூடியிருக்கிறது. ஓட்டத்தின் அதிர்வில் தானாகத் திரும்பியிருக்குமோ என்று கேட்பீர்கள். திரும்பாது, கீழே சுருள்வில் இறுக்கிப் பிடித்திருக்கிறது. யாரோ கையால் திருப்பியிருக்கிறார்கள்.

நான்தான் திருப்பினேன்.

உட்காருங்கள். அந்தப் பெட்டியின் மேல் உட்காரலாம், சுத்தமாகத்தான் இருக்கிறது.

என் மருமகன் ரெனாட்டஸ் நல்லவன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சீல் வேட்டைக்குப் போய் வந்தால் ஈரலை எனக்கென்று தனியாகச் சுற்றி எடுத்து வைப்பான். என் வாசல் பனியை நான் எழுவதற்கு முன்பே வாரி ஒதுக்கியிருப்பான். கேட்டால் காற்று அடித்துப் போயிருக்கும் என்பான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தெற்கே பெரிய ஊரில் துறைமுக வேலைக்கு அவனை அழைத்தார்கள். கடல்மேல் உறைந்திருக்கும் பனிப்பாதை உடைவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். அவன் முதலில் போய் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பெனிக்னாவைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவனுடைய வண்டியின் பட்டை அறுந்து கிடந்தது. என் வண்டியைக் கேட்டான்.

நான் யோசித்தது இவ்வளவுதான். வண்டி வழியில் கெட்டுப்போனால் திரும்பி வருவான். பனி உடைந்துவிடும். வேலை வேறொருவனுக்குப் போய்விடும். பெனிக்னா இன்னும் ஒரு குளிர்காலம் என் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். ஜெபத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. வேண்டாம் என்ற குரலும் வரவில்லை. ஆகவே திருகைத் திருப்பினேன்.

அவனுக்கு ஆபத்து வராதபடிதான் செய்தேன். ரெனாட்டஸ் வண்டி ஓட்டும் விதம் கரை முழுக்கப் பிரசித்தம். "ரெனாட்டஸ் கெளம்பிட்டான், நாயைக் கட்டிப் போடு" என்று பெண்கள் ஜன்னல் வழியே கத்துவார்கள். ஊரைத் தாண்டியதும் நரித்தீவு வரை பனி கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும். அங்கே அவன் விசையை முழுதாக அழுத்தாமல் போனதே கிடையாது. அந்த இடத்தில் பிஸ்டன் உருகிவிடும். அங்கிருந்து என் ஜன்னல் தெரியும். காலாற நடந்து வந்துவிடலாம்.

புறப்படுகிறவரைப் பார்த்து, "மெதுவாப் போ, கர்த்தர் முன்னால போவார்" என்று யாராவது சொல்லாமல் எங்கள் ஊரில் எவரும் பனியில் இறங்குவதில்லை. அன்று அதை நான்தான் சொன்னேன்.

"மெதுவாத்தான் போவேன் மாமா. உங்க ராணியாச்சே. மடியில முட்டைய வச்சுக்கிட்டு போற மாதிரி போறேன்."

"நீயா? மெதுவாவா?"

"சத்தியமா. இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க சாப்பிட மாட்டீங்கன்னு பெனிக்னா சொல்லியிருக்கா. அப்புறம் அவளும் சாப்பிட மாட்டா. கடைசியில பட்டினி கெடக்கப் போறது நான்தானே."

கேலி பேசுகிறான் என்று நினைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் போன திசையில் சத்தம் தேயும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அதுவரை என்ஜின் நிற்கவில்லை.

அவன் சொன்னபடியே போயிருக்கிறான். மெதுவாகப் போனால் மற்றத் திருகுதான் வேலை செய்யும். அது சரியாகவே இருந்தது. நரித்தீவைத் தாண்டி, நடந்து திரும்ப முடியாத தூரமெல்லாம் தாண்டி, என் என்ஜினை நோகாமல் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். கரடிமுனையில் கடல்பனி எப்போதும் மெல்லிசு. அங்கே மட்டும் கரையேறி மேட்டைக் கடக்க வேண்டும். மேடேற முழு விசை வேண்டும். வேறு வழியில்லாமல் அழுத்தியிருப்பான். குளிரைக் கணக்குப் பார்த்தேன், தூரத்தையும் பெட்ரோலையும் பார்த்தேன். அவனுடைய அன்பு மட்டும் என் கணக்கில் வரவில்லை.

வண்டி நின்றால் அதை விட்டுப் போகக் கூடாது, ஆள் வரும் என்பது எங்கள் கரையின் சட்டம். ஒவ்வொரு சாயங்காலமும் ஊருக்கு ஊர் ரேடியோவில் பேசி, வழியில் இருப்பவர்களின் பெயரைக் கேட்டுக்கொள்வோம். வராதவனைத் தேடி இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் புறப்படும். பேத்தேலின் ரேடியோ என் சமையலறையில் இருக்கிறது. அன்று பெரிய ஊரின் ரேடியோவைப் பார்த்துக்கொள்ளும் சக்கரியாஸ் கூப்பிட்டான்.

"என்னய்யா போவாஸ், உன் மருமகனைக் காணோம்? என் பொண்டாட்டி அவனுக்குன்னு மான்கறி சூப் வச்சுட்டு உக்காந்திருக்கா. நான் கரண்டியத் தொட்டா கைய ஒடிச்சிருவாளாம்."

"நீயே குடி. அவன் கெளம்பல. இங்கதான் இருக்கான்."

"உன் கெழவி மறுபடியும் மக்கர் பண்ணிட்டாளா? அவளை மியூசியத்துல வையின்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி, வைக்கிறேன்."

பாட்டுப் பயிற்சி முடிந்து பெனிக்னா வந்தாள். கழுத்துத் துணியில் இருந்த பனியைக்கூட உதறவில்லை.

"அப்பா, அவரு போய்ச் சேர்ந்துட்டாரா?"

"சேர்ந்துட்டாரும்மா. சூப் குடிச்சுக்கிட்டு இருக்காராம்."

"மூணு தட்டு குடிப்பாரு. அந்த அக்கா பாவம்" என்று சிரித்தாள்.

நரித்தீவிலிருந்து அவன் நடந்து வந்துகொண்டிருக்கிறான், இதோ கதவைத் தட்டுவான் என்றுதான் இருந்தேன். அப்படியானால் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பீர்கள். தேடிப் போகிறவர்கள் வண்டியைத் திறப்பார்கள். திறந்தால் திருகைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான். மற்றபடி நான் சும்மா இருக்கவில்லை. கடல் பக்கத்து ஜன்னலில் விளக்கு ஏற்றி வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

சக்கரியாஸ் உங்களிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ரேடியோ போட மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கிறான். போவாஸ் கிழவனுக்கு நினைவு தடுமாறிவிட்டது, அவனை யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்று நினைத்துப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். கரடிமுனைக்கு அவன் ஊர்தான் பக்கம். அன்று கிளம்பியிருந்தால் சூப் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பான்.

பெனிக்னாவும் அந்தச் சூப்பைப் பற்றி இதுவரை கேட்டதில்லை. அன்று இரவு அவள் தூங்கட்டும் என்று நான் அப்படிச் சொன்னதாக நினைத்திருப்பாள். காலையில் என் காலுறைகளை அடுப்பருகே சூடாக்கித்தான் தருகிறாள். ரொட்டியின் முறுகலான ஓரம் எனக்கு. அவள் பங்கு நடுத்துண்டு. ஊரை விட்டுப் போவதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

நீங்கள் எழுதவிருந்ததற்கு நான் தலையாட்டியிருக்கலாம். வண்டியின் முன்மூடியைத் தூக்கும்வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன். உள்ளே என்ன இருந்தது என்று நீங்களும் பார்த்தீர்கள். வெறும் துணி என்று ஓரமாக வைத்தீர்கள். அது துணி இல்லை. அவனுடைய வெளியங்கி. நின்ற என்ஜின் உறைந்துவிடாமல் போர்த்தி வைப்பது எங்கள் வழக்கம். ஆனால் அதற்குக் கம்பளி உண்டு, கோணிப்பை உண்டு. ஒன்றும் போதவில்லை போலும். கழற்றிய பிளக் உரசாமல் இருக்க அதைக் கையுறைக்குள் வைத்திருக்கிறான். வெறுங்கையோடு இருந்திருக்கிறான். மேலே கம்பளி, அதன்மேல் கோணி, எல்லாவற்றுக்கும் மேலே அங்கி. ஓரங்களை நான் செருகுவது போலவே செருகியிருக்கிறான். ஆட்கள் வருவார்கள், வந்ததும் வண்டியைக் கிளப்பலாம், அதுவரை மாமாவின் வண்டிக்குக் குளிரக் கூடாது.

அவன் உடலைக் கண்டெடுத்தவர்கள், வெறும் சட்டையோடு வண்டிக்குப் பக்கத்தில் உறைந்து உட்கார்ந்திருந்தான் என்றார்கள். குளிர் தலைக்கேறினால் மனிதர் உடையைக் கழற்றி எறிவதுண்டு என்று சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். நானும் ஆறுதல்பட்டேன்.

பெனிக்னாவிடம் நானே சொல்கிறேன். முதலில் அவள் போட்ட தேநீரைக் குடித்துவிடுங்கள். பிறகு என்னைக் கூட்டிப்போங்கள். அந்த அங்கியை மடித்து அவளிடம் கொடுக்க வேண்டும். கையில் எண்ணெய், நீங்களே மடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. நான் அவனை வாயார வாழ்த்தித்தான் அனுப்பினேன் என்பதை விட்டுவிடாமல் எழுதுங்கள். மெதுவாகப் போ என்று சொன்னேன், எல்லோரும் கேட்டார்கள். வழக்கம்போல அவன் வேகமாகப் போயிருந்தால் இன்று உயிரோடு இருப்பான். என் பேச்சைக் கேட்டான், தம்பி. அவன் செய்த தவறு அது ஒன்றுதான்.