ஆறு பூக்கள்

ஐயா, காபியில் சர்க்கரை வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லோரும் கசப்பாகத்தான் குடிப்போம். கேளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

என் தங்கை மிலுங்கா போன வசந்தத்தில் புருஷன் ராதிஷாவை விட்டு ஓடினாள். அவன் அவள் தாடையை இரண்டு முறை உடைத்தவன். அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் எங்கே போகிறாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. உன் வாய் சும்மா இருக்காதேக்கா," என்று போனில் சிரித்தாள். கூடப்பிறந்தவளிடம் பேசுகிற பேச்சா அது?

டிசம்பரில், எங்கள் குடும்பப் புனிதர் நிகோலாவின் நாளன்று, காலையிலேயே ஒரு போட்டோ போட்டிருந்தாள். பொய்ப் பெயரில் ஒரு பக்கம்; பதினோரு பேர் மட்டும் பார்க்கலாம். அதில் நானும் ஒருத்தி. மேசையில் சடங்கு ரொட்டி, மெழுகுவர்த்தி, சுவரில் அப்பா கும்பிட்ட நிகோலா படம். அப்பா செத்தபோது அது தொலைந்துபோனதாக என்னிடம் சத்தியம் செய்திருந்தாள். மூத்தவள் எனக்கு வரவேண்டிய படம்; பைத்தியக்காரி மாதிரி வீடெல்லாம் தேடினேன்.

போட்டோவைப் பெரிதாக்கினேன். ஜன்னலுக்கு நேரெதிரே மருந்துக்கடைப் பலகை. அதில் நோவி சாத் என்ற ஊரும் தெருவும் தெளிவாக இருந்தன. ராதிஷாவுக்கு அனுப்பினேன்.

"பேசிட்டு வந்துடறேங்க்கா. சத்தியமா பேச மட்டும்தான்," என்றான்.

நம்பினேனா என்று கேட்கிறீர்கள். இல்லை.

அந்த நாளுக்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், கதவைப் பூட்டமாட்டோம். அவனுக்கும் அது தெரியும். இருந்தாலும், "வெறுங்கையோட போகாத, ஒயினும் பூவும் வாங்கிக்க. விருந்தாளின்னு உள்ள விட்டுடுவாங்க," என்று சொன்னது நான்தான்.

"எத்தனை பூக்கா?" என்றான்.

"ஆறு," என்றேன்.

உயிரோடிருப்பவர்களுக்கு நாங்கள் ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். ஆறுதானா என்று அவன் ஒருமுறை திருப்பிக் கேட்டான். பிறகு சரி என்றான்.

அவளுக்கு இடம் கொடுத்திருந்த தோழி அவனை உட்காரவைத்து மீன் பரிமாறினாளாம். மிலுங்கா அடுப்படியிலிருந்து வந்து, பூவை வாங்கி, எண்ணிப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு நடந்தது அவன் கத்தியைக் கைப்பற்றிய உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்போது அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு குறை மட்டும் உண்டு: வீட்டு விஷயத்தை யாருக்குக் காட்டுகிறோம் என்று அவள்தான் பார்த்து நடந்திருக்க வேண்டும்.