லங்காவி வழியாக ஈரோடு

பிள்ளையைப் பார்க்கப் போவதை எந்த அம்மாவாவது தள்ளிப்போடுவாளா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் போகும் ரயிலில், எனக்கு முன் சீட்டில் ஒரு தமிழ்த் தம்பதி. அவள் மடியில் மலேசியச் சுற்றுலாப் புத்தகம் விரிந்திருந்தது; நீலக் கடல், பச்சை மலை.

"லங்காவியில நாலு நாள் இருந்துட்டு அப்புறம் ஈரோடு போலாங்க" என்றாள்.

"அடிப்பாவி! பையனை ஒன்றரை வருஷமா அம்மாகிட்ட விட்டிருக்கோம். அவனைக் கூட்டிட்டு வரத்தான் போறோம். உனக்கு பீச் கேக்குதா?"

எனக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"ஃபால்ஸ்கூட இருக்காம்."

"நம்ம ஊர் கொடிவேரில இல்லாத ஃபால்ஸா? நேரா ஊருக்குப் போலாம்."

அவள் புத்தகத்தை மூடினாள். "போன வாரம் போன்ல அவன் என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டான். நேர்லயும் அப்படியே கூப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்? நாலு நாள் டைம் குடுங்க, ப்ளீஸ்."



என் மகளுக்கு ஏழு மாதம். நான் வேலைக்குச் சேர வேண்டும் என்பதால், அடுத்த மாதம் மாமியார் வந்து அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. டேகேரைவிட அதுதான் நல்லது என்கிறார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். பிள்ளையை அப்படி அனுப்பிய அம்மாக்கள் யாராவது, அனுப்பலாமா வேண்டாமா என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.