தாருக்குள்ள போன லெட்டர்

அதுதாண்ணே, கொதிக்கிற தாரை ஊத்துறேன், பெட்டிக்குள்ளேருந்து புஸ்ஸுன்னு புகை. முதலாளி திரும்பிப் பார்த்து, டேய் சியாமக், என்னடா கருகுது, உன் மூளையான்னாரு. மூளைன்னாக்கூட பரவால்லையேண்ணே! நஸ்தரன் குடுத்த லெட்டர்!

தார் எதுக்கா? நீங்க இந்த இஸ்ஃபஹான் ஊர்க்காரர் இல்லையா? சரி சரி. பித்தளைப் பேனாப்பெட்டிண்ணே, ஒரு சாண் நீளம், ஓரத்துல மைக்கூடு. வெறும் பெட்டில உளிய வச்சுத் தட்டுனா நசுங்கிடும். அதான் உள்ள தாரை ஊத்தி இறுகவிட்டு, மேல பூ, கொடி, மான்னு வெட்டி, அந்தக் கோட்டுல வெள்ளிக்கம்பிய அடிச்சு எறக்குவோம். அப்புறம் சூடு காட்டுனா தார் வெளிய வந்துரும். லெட்டர் வருமா?

நஸ்தரனா? எதிர்க்கடைல எனாமல் பூசுறா. உன்னைப் பொண்ணு கேட்டு வரட்டுமான்னு கேக்கவே எனக்கு எட்டு மாசம் ஆச்சு. அதையும் அவ செருப்பைப் பார்த்துத்தான் கேட்டேன். நாலா மடிச்ச காகிதத்தை நீட்டி, பதில் இதுல இருக்குன்னா. மானுக்கு இமை மயிரு வெட்டுற கைண்ணே இது, ஒரு காகிதத்தைப் பிரிக்க வரலை! பெட்டிக்குள்ள போட்டேன். மூணு நாளா தெறந்து தெறந்து மூடுனேன்.

அவகிட்டயே திரும்பக் கேக்கவா? நல்லா சொன்னீங்க. அன்னிக்கு சாயங்காலமே வந்து நின்னா. படிச்சியான்னா. படிச்சேன்னேன். என்ன தோணுச்சுன்னா. ரொம்ப சந்தோஷம்னேன். முழிச்சுப் பார்த்துட்டு, அப்படியான்னுட்டுப் போயிட்டா.

சரின்னு எழுதியிருந்தா தப்பிச்சேன். வேணாம்னு எழுதியிருந்தா, வேணாம்னதுக்கு சந்தோஷப்பட்ட மொத ஆளு நாந்தான்.

சிரிங்க, சிரிங்க. பஸ்ஸுல பின்னாடி பொம்பளைங்க பக்கம், கஸ் மிட்டாய்ப் பெட்டியை மடில வச்சிருக்காங்களே, அது எங்கம்மா. நஸ்தரன் வீட்டுக்குத்தான் போறோம், பொண்ணு கேக்க. ஃபோன்ல அவங்கம்மா வாங்க வாங்க, உங்க வீடு மாதிரின்னாங்களாம். அது கரெண்டு பில்லு குடுக்க வர்றவனுக்கும் சொல்றதுதானே!

மறந்துபோயா ஊத்துனேன்னா? முதலாளிகிட்ட அப்படித்தான் சொன்னேன். நீங்க அடுத்த ஸ்டாப்ல எறங்கிருவீங்க, உங்ககிட்ட என்ன... ஊத்துறப்ப லெட்டர் நல்லாத் தெரிஞ்சுது. கையை நிறுத்தலை. படிக்காத வரைக்கும் அவ வேணாம்னு சொல்லலைல்ல?

நீங்க இப்படி எதையாவது பண்ணியிருக்கீங்களாண்ணே? எங்க எந்திரிக்கிறீங்க, சொல்லிட்டுப் போங்க!